அட்டையில் முழு டேங்க்

டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் இறக்கும் வேன் ஓட்டுகிறவளுக்குப் பத்து நிமிஷத்தக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஐந்து ஐம்பதுக்கு வாசலில் நிற்பாள். உள்ளே நோயாளி வாயில் பிரஷ்ஷோடு நிற்பார், வெளியே இவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தினமும் மணி அடித்த பிறகே போனவள். அந்தப் பாவத்தை இப்படிக் கரைக்கிறாள் என்பது நாத்தனாரின் அபிப்பிராயம்.

காலையில் ஆறு பேர். போகும்போது வேனுக்குள் சந்தைக்கடை மாதிரி இருக்கும். சலூன்காரர் மருமகளைப் பற்றிக் குறை சொல்வார், பின்சீட்டில் இரண்டு பேர் ஜன்னலுக்குச் சண்டை போடுவார்கள். நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்து வரும்போது அதே ஆறு பேர் பிழிந்து போட்ட துணி. வேகத்தடை வந்தால் அக்கா வண்டியைத் தொட்டிலை இறக்குகிற மாதிரி இறக்குவாள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு துண்டு, ஒரு பிளாஸ்டிக் பை. யாருக்கு எந்தத் திருப்பத்தில் குமட்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். பத்தாம் வகுப்பில் இந்தப் பாடம் இருந்திருந்தால் முதல் மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

வேனுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. நோயைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசக் கூடாது. முன்பு ஒருநாள் இரண்டு பேர் ஆஸ்பத்திரி பில்லை ஒப்பிட்டுப் பார்த்து, ஒருவர் அழுது, பிரஷர் ஏறி, நர்ஸிடம் அக்காதான் திட்டு வாங்கினாள். அன்றைக்குப் போட்ட சட்டம். மீறினால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள். அந்த ரேடியோவில் ஒரே ஸ்டேஷன்தான் எடுக்கும், அதிலும் பாதி நேரம் உரம் விளம்பரம், ஆகையால் யாரும் மீறுவதில்லை.

வேன் அவளுடையது அல்ல. மூணுவண்டிக்காரர் என்று ஒரு பெரியவர், மூன்று வேன்களை நாள் வாடகைக்கு விடுகிறவர். வாடகையும் டீசலும் போக மிஞ்சுவது அக்காவுக்கு. ஒருநாள் சாவியைக் கொடுக்க வந்தவளை நிறுத்தி, முழங்கால் போய்விட்டது, இன்னும் இரண்டு வருஷத்தில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறேன், வண்டிகளை விற்றுவிடுவேன் என்றார். இந்த வண்டியை முதலில் உனக்குத்தான் கேட்பேன், விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் வை, மீதிக்கு பேங்க்கில் லோன் போட்டுக்கொள் என்றும் சொன்னார்.

இரண்டு வருஷம் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றே முக்கால் வருஷம் கழித்து அதைப் பற்றி யோசித்திருப்பார்கள். அக்கா மறுநாளே பேங்க் வாசலில் நின்றாள், அதுவும் திறப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால். அவள் வாழ்க்கையில் சீக்கிரம் போனதால் கெட்டது அந்த ஒரு தடவைதான்.

பேங்க்கில் டை கட்டிய தம்பி ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை, ஆனால் டை முழங்கால்வரை வளர்ந்திருந்தது. அவள் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, உங்க பேருல ஒண்ணுமே இல்ல."

"ஆமா தம்பி. யாருக்கும் நயா பைசா தர வேண்டியதில்ல." அவள் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னாள்.

"அதான் பிரச்சனையே. கடனே வாங்காதவங்க பரீட்சைக்கே வராதவங்க மாதிரி. மார்க் போட வழியில்ல."

பரீட்சை என்றதும் அக்காவின் தோள் தானாக இறங்கியது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஒரு மார்க் இருக்கிறதாம், அது இல்லாமல் வண்டி லோன் கிடையாதாம். அதற்கு அவனே வழியும் சொன்னான். ஒரு கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருஷம் ஓட்டுங்கள், மார்க் மளமளவென்று ஏறும்.

ஓட்டுங்கள் என்று சொன்னானா, அது அக்காவுக்குத் தெரிந்த வேலை. உடனே பாடம் புரிந்துவிட்டது.

"வண்டிய சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி இறங்கிடும். அது மாதிரியா தம்பி?"

"கரெக்ட் அக்கா."

"டேங்க்க பாதியில வச்சு ஓட்டுனா அடி அழுக்கெல்லாம் மேல ஏறும். முழுசா ரொப்பிதான் ஓட்டணும். இதுவும் அப்படியா?"

தம்பி ஸ்கிரீனைப் பார்த்தான். அந்த மாதத்துக்கு இத்தனை கார்டு தள்ள வேண்டும் என்று அவன் தலைக்கு மேல் ஒரு கணக்கு இருந்திருக்கும். "அப்படியே வச்சுக்கலாம்கா" என்றான்.

"மாசக் கடைசியில முழுசையும் கட்டிடறேன்."

"ஐயோ அக்கா, முழுசா கட்டிட்டா அப்புறம் பேங்க்குக்கும் உங்களுக்கும் என்ன உறவு இருக்கு? பில்லுல மினிமம்னு ஒரு தொகை போட்டிருக்கும். அத மட்டும் கட்டுங்க. அதான் பேங்க்குக்குப் பிடிக்கும்."

இதில் மட்டும் அவன் சொன்னது நிஜம். அது பேங்க்குக்குப் பிடிக்கும்தான்.

அக்கா சொன்னபடி செய்தாள். பள்ளியில் எந்த வாத்தியார் சொன்னதையும் இவ்வளவு பயபக்தியோடு கேட்டதில்லை. டீசல், டயர், ஆயில் எல்லாம் கார்டில். மாதக் கடைசியில் கார்டில் இன்னும் இடம் மிச்சமிருந்தால் பதறிப் போவாள். டேங்க் நிரம்பவில்லையே. உடனே கடைக்குப் போய் எதையாவது வாங்கி நிரப்புவாள். மெஷினிலிருந்து எழுந்தவர்களுக்குக் குளிரும் என்று ஆறு கம்பளி வாங்கினாள், அதுவரை சரி. பிறகு இரண்டு வாளி, ஒரு சுவர்க் கடிகாரம்.

நாத்தனார் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அண்ணன் செத்து எட்டு வருஷம் ஆகியும் அண்ணியை விட்டுப் போகாமல், இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்கடியில் இருக்கிறார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் மேஜையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அண்ணி, நமக்கு எதுக்கு மூணாவது இஸ்திரிப் பெட்டி?"

"மார்க்குக்கு."

"மார்க்க தேய்ச்சுப் போட்டுக்கிட்டு போகப் போறீங்களா?"

அக்கா பெட்டியை அலமாரியில் ஏற்றினாள். வாத்தியார் சொன்னதை வீட்டுக்காரர்கள் எதிர்த்தால் எப்படி.

பில் வரும். டை தம்பி முதல் பில்லில் மினிமம் தொகையைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டியிருந்தான், அதன் பிறகு அவள் கண் அந்த இடத்துக்கு மட்டும்தான் போகும். ஒருநாள்கூடத் தவறாமல், கெடு தேதிக்கு முன்னாலேயே கட்டினாள். பக்கத்தில் இன்னொரு எண் மாதாமாதம் பெருத்துக்கொண்டே வந்தது. மொத்தத்தையும் கட்டித் தீர்க்கிற பணம் சேமிப்பில் பத்திரமாகத் தூங்கியது. வண்டிக்கான முன்பணம் அது, அதைத் தொடுவாளா?

பதினோராவது மாதம் கியர்பாக்ஸ் போயிற்று. இரண்டு வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது. நோயாளிகள் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். வருமானம் இல்லை, பட்டறைச் செலவில் பாதி இவள் தலையில். அப்போது பார்த்து மினிமமே ஒரு வாரக் கூலிக்கு மேல் வந்து நின்றது. இரண்டு மாதம் கட்டவில்லை.

போன் வர ஆரம்பித்தது. ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது, வாந்தித் துண்டை அலசும்போது, கக்கூஸில் இருக்கும்போது. முதலில் ஆண் குரல்கள், நீ வா போ என்று. பிறகு ஒருநாள் தேன் தடவிய ஒரு பெண் குரல், மேடம் என்று. அக்காவை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. ஒரு நிமிஷம் யாருக்கோ வந்த போனைத் தான் எடுத்துவிட்டோமோ என்று பயந்தாள்.

அந்தக் குரல் சொன்னது இதுதான். மொத்தமும் கட்ட வேண்டாம், பாதி கட்டினால் போதும், கணக்கை முடித்து லெட்டர் கொடுத்துவிடுவோம்.

"முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் வண்டி லோன் கிடைக்குமா?"

"கடனே இல்லைன்னா ஏன் மேடம் கிடைக்காது?"

வண்டிக்காக வைத்திருந்த பணத்திலிருந்து பாதியைக் கட்டினாள். லெட்டர் வந்தது. அதை லேமினேட் செய்து லைசென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இப்படி மினுமினுத்ததில்லை, அப்படி ஒன்று இல்லை என்பது வேறு விஷயம்.

அதன் பிறகு ஒரு வருஷம் நல்ல பிள்ளையாக இருந்தாள். கரைந்த பணத்தைச் சில்லறை சில்லறையாகத் திரும்பச் சேர்த்தாள். டீயை நிறுத்தினாள். செருப்புக்கு மூன்று தடவை தையல் போட்டாள். சொன்ன கெடு வந்ததும் மூணுவண்டிக்காரர் கூப்பிட்டார். மகள் வீட்டில் மாடி அறை தயாராகிவிட்டது, மாதக் கடைசியில் கிளம்புகிறேன். இன்னொருத்தன் ரொக்கத்தோடு நிற்கிறான், ஆனால் உனக்குச் சொன்ன சொல் சொல்தான், கடைசி நாள்வரை பொறுக்கிறேன் என்றார்.

பேங்க்கில் டை தம்பி இல்லை. பதவி உயர்ந்து வேறு கிளைக்குப் போய்விட்டானாம். எப்படி உயராமல் இருப்பான். அவன் நாற்காலியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். நல்ல மாதிரி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். லேமினேட் லெட்டரை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி லெட்டரைப் பார்த்தாள்.

"இத யாரு வாங்கச் சொன்னாங்க?"

"உங்க பேங்க்லேருந்துதான் போன் வந்துச்சு."

"இது நீங்க கடன அடைச்சதுக்கான லெட்டர் இல்லம்மா. உங்களால அடைக்க முடியல, நாங்க விட்டுக்கொடுத்தோம்னு எழுதியிருக்கு. இது அழிய வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் எந்த பேங்க்லயும் லோன் தர மாட்டாங்க."

கார்டை முழுக்க முழுக்க நிரப்பி வைத்ததும் மார்க்கைக் கீழேதான் தள்ளியதாம். முப்பதுக்கு மேல் நிரப்பவே கூடாதாம், நூற்றுக்கு. மினிமம் மட்டும் கட்டினால் வட்டி குட்டி போடுமாம். இதையெல்லாம் அந்த அம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். ஒன்றுமே இல்லாமல் முதலில் வந்த மாதிரியே வந்திருந்தால், ஒரு ஜாமீன் வைத்து எப்படியாவது பார்த்திருக்கலாம்.

எழுந்து கிளம்பினவளை அம்மாள் நிறுத்தினாள். அக்கம்பக்கம் பார்த்துக் குரலை இன்னும் இறக்கினாள்.

"வீட்டுல வேற யாராவது நல்ல பேரோட இருக்காங்களா? அவங்க பேருல போடலாம். சும்மா பேருக்குத்தான். கட்டப் போறது நீங்கதானே."

பேங்க் அவளுக்குச் சொன்ன மூன்றாவது யோசனை அது. மூன்றும் இனிக்க இனிக்கத்தான் சொல்லப்பட்டன.

அன்றைக்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அக்கா முதல் முறையாக ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டாள். வேன் முழுக்க ஒரு முனகல். நேர் பின்சீட்டில் இருந்த கிளார்க் ஐயா கண்ணைத் திறந்தார். கிளார்க் ஐயா முப்பது வருஷம் ஒரு பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மூன்று வருஷமாக அவள் தலைக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து வருகிறவர். மற்ற ஐந்து பேரையும் இறக்கிவிட்ட பிறகு, என்னம்மா ஆச்சு என்று கேட்டார். அக்கா தன் சட்டத்தைத் தானே மீறினாள். கார்டு, டேங்க், மேடம், லெட்டர், எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, மொதல்லயே என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"நீங்க பையில வாந்தி எடுத்துக்கிட்டு வர்றீங்க. உங்ககிட்ட போய் வட்டி எவ்வளவுன்னு எப்படிங்கய்யா கேக்குறது?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. அந்த மினிமம் பாட்டு நானும் பாடினதுதான். மாசம் இத்தனை பேருன்னு மேலேருந்து சொல்லுவாங்க. வர்றவங்க நம்ம மூஞ்சியப் பாத்து நம்புவாங்க. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போய் நல்லாத்தான் தூங்கினேன்."

அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். மஞ்சள் பூத்த கண். கோபப்பட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவருக்குக் குளிரெடுத்துப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டாள். வாங்கினதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

வீட்டில் நாத்தனார் சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேங்க் அம்மாள் சொன்னதை அக்கா போனில் உளறியது தப்பாகப் போயிற்று. நாத்தனாருக்குக் கம்பெனி சம்பளம் பேங்க் வழியாக வருகிறது, ஒரு ஃப்ரிட்ஜ் தவணையை ஒழுங்காகக் கட்டி முடித்திருக்கிறாள், மார்க் பளிங்கு மாதிரி இருக்கும். கம்பெனிக்காரர்கள் தொழிலாளிகளுக்கு ஒற்றை அறை வீடு விலைக்குத் தருகிற பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. அடுத்த வருஷம் அவள் முறை. அந்த வீட்டு லோனுக்கும் இந்த மார்க்தான்.

"எங்க கையெழுத்துன்னு காட்டுங்க, போட்டுத் தர்றேன்."

"எடுத்து வை உள்ள."

"பதினோரு வருஷமா காலர் மட்டும் தைக்கிறேன் அண்ணி. ஒரு முழுச் சட்டை என் கையில வந்ததில்ல. ஒரு வண்டியாவது நம்ம வீட்டுல முழுசா நிக்கட்டுமே."

அக்கா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. லோன் தவணை எவ்வளவு வரும், ஒரு நாளைக்கு என்ன மிஞ்சும் என்று விரலை மடக்கிச் சொன்னாள். எல்லாம் சரியாக வந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

"அது பழைய வண்டி. கியர்பாக்ஸ் மறுபடியும் போகும். போனா ரெண்டு மாசம் என்னால கட்ட முடியாது. அந்த ரெண்டு மாசத்துல கெடப் போறது உன் பேரு. உனக்கு வீடு போயிடும்."

"வீடு போனா போகுது. இங்கதானே இருக்கேன்."

"எத்தன நாளைக்கு என் குறட்டைய கேட்டுக்கிட்டு இருப்ப?"

நாத்தனார் சிரிக்கவில்லை. "அண்ணன் இருந்திருந்தா கையெழுத்து வாங்கியிருப்பீங்கல்ல" என்றாள். அக்கா எட்டிக் கை நீட்டினாள். சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மூலை தட்டி, உறையில் போட்டு அவள் பையில் திணித்தாள். நாத்தனார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தையல் விட்ட செருப்பைப் பார்த்து, இதைத் தூக்கிப் போட்டுத் தொலையுங்கள் என்றாள். அது சமாதானம்.

கடைசி நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதே அக்கா மூணுவண்டிக்காரரிடம் போய், முடியவில்லை, அந்த ஆளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். கெடு முடியும்வரை தள்ளிப்போடுவது அவளுக்கு வராத வித்தை. பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

வாங்கியவர் டயாலிசிஸ் ஓட்டத்தை விடவில்லை, நல்ல வருமானம். ஓட்டத் தன் மச்சானையே போட்டுக்கொண்டார். மச்சான் வராத நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று அக்காவிடம் நம்பர் வாங்கிக்கொண்டார். வழி காட்ட ஒரு நாள் கூடவே வர முடியுமா, கூலி தருகிறேன் என்றார். கூலி வேண்டாம், வருகிறேன் என்றாள்.

அன்றைக்கு முதல் முறையாக அவள் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். காலுக்கு வேலையில்லாமல் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தாள். மச்சான் பிள்ளையாண்டான் நல்லவன்தான், கொஞ்சம் வேகம். எந்த வீட்டில் காலிங் பெல் வேலை செய்யாது, எந்தத் திருப்பத்தில் சலூன்காரரின் பக்கத்து ஜன்னலைத் திறக்க வேண்டும், யாரிடம் திரும்பும்போது பேச்சே கொடுக்கக் கூடாது, எல்லாம் சொன்னாள். அவன் போனில் ஏற்றிக்கொண்டான். சட்டத்தைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை. பேசிக்கொள்ளட்டும்.

திரும்பும்போது கடைசி வீடு கிளார்க் ஐயாவுடையது. மச்சான் துடிப்பாக இறங்கி ஓடி, கதவைத் திறந்து, அவருடைய இடது கையைப் பிடித்து இழுக்கப் போனான்.

"அந்தக் கைய விடு தம்பி."

அவன் பதறிக் கையை எடுத்தான். அக்கா இறங்கி வந்தாள்.

"அதுலதான் ஊசி போடுறாங்க. அது போச்சுன்னா அவருக்கு மெஷின் ஏத்த வழியில்ல. அந்தக் கையில பை மாட்டக் கூடாது, பிடிச்சுத் தூக்கக் கூடாது. இங்க, முதுகுல கை குடு. தூக்காத. சும்மா குடு. அவரே எழுந்திரிப்பாரு."

"எழுந்திரிக்கலையேக்கா."

"நேரம் ஆகும்."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. மச்சான் திரும்பிப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் அசையவில்லை. கிளார்க் ஐயா ஒரு காலைப் படியில் வைத்து, மூச்சு வாங்கி, மறு காலை நகர்த்தினார். மச்சான் அவர் முதுகில் வைத்த கையை எடுக்காமல் நின்றான்.